நீங்கள் சொன்ன ஓம்

ஹஸ்னாவின் வாப்பாவுக்கு,

நெய் காய்ந்ததும் கராம்பைப் போட்டேன். அது பொரிந்து வாசம் எழும்பியது. அவ்வளவுதான், அகப்பையை வைத்துவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுவிட்டேன். உங்களுக்குப் பிறகும் இந்த வீட்டில் நெய்ச்சோறு ஆக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது சோற்றின் வாசமாகத்தான் இருந்தது. இன்றைக்கு உங்கள் சட்டைப் பையின் வாசமாக வந்தது.

நாளைக்கு விடிய மகள் கெம்பஸுக்குப் போகிறாள். நாம் இருக்கிற கடற்கரைக்கு நேர் எதிர்க்கரை. நாட்டைக் குறுக்கே கடந்து பஸ்ஸில் போகவேண்டிய தூரம். ஹொஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், வாப்பா இல்லாத புள்ளையப் படிப்பிச்சி ஆளாக்கிட்டீங்க" என்கிறார்கள். நானும் சிரித்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறேன். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அது என்ன பயம் என்று உங்கள் ஒருவருக்குத்தான் விளக்கம் சொல்லாமலே தெரியும். அதனால்தான் மகள் பெட்டி அடுக்குகிற நேரத்தில் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது தொடங்கிய வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற வருடம். முதலில் தலை வாருவதை விட்டாள். பிறகு சினேகிதிகள் தேடி வந்தால், தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னாள். பிறகு உண்மையாகவே தூங்கினாள், பகலெல்லாம். எழும்பினால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். சின்ன வயதில் உங்களைப் போலவே வாய் மூடாத பிள்ளை. நீங்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் எனக்குக் காது வலிக்கும். அந்தப் பிள்ளையின் சத்தம் வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போனது.

நீங்கள் அப்போது மரக்கறி லொறி ஓடினீர்கள். கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு பின்னேரம் கொழும்புக்குப் புறப்பட்டால், அடுத்த நாள் பகலில்தான் வீடு. வந்து படுத்து எழும்பி, மகளைக் கண்டால் கேட்பீர்கள்: "என்ன மகள், சொகமா?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்பாள் அவள்.

அதைக் கேட்டதும் உங்களுக்கு நிம்மதி. நம் ஆட்களிடம் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. காய்ச்சலில் கிடக்கிறவரும் அதைத்தான் சொல்லுவார், மரணம் நடந்த மையித்து வீட்டு வாசலில் நிற்கிறவரும் அதைத்தான் சொல்லுவார். அல்லாஹ்வைப் புகழ்வதில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகு யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, அங்கேதான் பிழை. நம்முடைய பிள்ளை அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஊருக்கு வைத்தியம் தெரியாமல் இருக்குமா? அடுத்த வளவில் இருந்த உங்கள் தம்பி என்னிடம், "ஃபோனைப் பறிச்சி வைங்க மச்சி, எல்லாம் தானா சரிவரும்" என்றார். கனமூலையிலிருந்து வந்த உங்கள் மாமி அவளை ஏற இறங்கப் பார்த்து, "இது நஜர் புள்ள. அழகான புள்ளைக்குக் கண்பட்டிரிக்கி" என்றார். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதித் தண்ணீர் தந்தார். அவர் நல்ல மனிதர். ஓதி முடித்து மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆசுபத்திரிக்கும் ஒருக்காக் காட்டுங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நம் இருவர் காதிலும் விழவில்லை, விழாத மாதிரி இருந்தோம்.

பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கே வந்த பிறகுதான் நமக்கு வேறு வழியில்லாமல் போனது. தவணைப் பரீட்சையில் ஹஸ்னா பெயரை மட்டும் எழுதிவிட்டு வெறும் தாளைக் கொடுத்திருந்தாள். மனநல கிளினிக்குக்கு, தாயும் தகப்பனும் சேர்ந்தே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் டீச்சர். அவர் போன பிறகு நீங்கள் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தீர்கள். "என்ட மகளுக்கு என்ன, பைத்தியமா?" என்று என்னிடம் சத்தம் போட்டீர்கள். அறைக்குள் அவளுக்குக் கேட்கும் என்று நான் கையால் காட்டிய பிறகுதான் உங்கள் சத்தம் அடங்கியது. உங்களுக்கும் என் பயம்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஆம்பிளைகளுக்குப் பயம் வந்தால் சத்தமாகத்தான் வருகிறது.

கிளினிக் நாளில் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டபோதெல்லாம் நீங்கள் முந்திக்கொண்டு சொன்னீர்கள்: "மகளுக்குப் பல்லு வலி. பல்லுக் காட்டப் போறோம்." அவர்கள் கேட்காமலே சொன்னீர்கள். நாளைக்கு ஒரு கலியாணம் பேசும்போது இது வந்து நிற்கும் என்ற யோசனை உங்களுக்கு. பிறகு மாதாமாதம் போகத் தொடங்கியபோது ஊரில், "ஹஸ்னாட பல்லு இன்னும் சரிவரல்லியா?" என்று கேட்டார்கள். இத்தனை மாதம் பார்க்கிற பல் யானைக்குத்தான் இருக்கும் என்று நான் உங்களைப் பகிடி பண்ணினேன். அப்போது சிரிக்க முடிந்தது. முதல் நாள் சிரிக்க முடியவில்லை.

கிளினிக் அறைக்கு வெளியே அந்த மர வாங்கில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் தொப்பியை நெற்றி வரை இறக்கியிருந்தீர்கள். ஹஸ்னா நம் இருவருக்கும் நடுவில், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எதையோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அதற்குப் பிறகு நாம் முன்பிருந்த குடும்பமாக இருக்க மாட்டோம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

டொக்டர் சிங்களப் பெண், வயது குறைவு. தமிழில் மாற்றிச் சொல்கிற நர்ஸ் அன்றைக்கு லீவு. பரவாயில்லை, எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்று சிரித்தார். புத்தகத்தில் படித்த தமிழ் அது. ஒவ்வொரு எழுத்தையும் முழுதாக உச்சரித்தார். ஹஸ்னாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நித்திரை வருகிறதா, படிக்க முடிகிறதா, சாப்பிடுகிறீர்களா. அவள் எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்தாள். நீங்கள் அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். "நல்லா சாப்புடுவா மிஸ். கெட்டிக்காரப் புள்ள மிஸ்." டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை நேராகப் பார்த்தார்.

"தகப்பன், மகள் சோகமா?"

நீங்கள் கதிரையின் நுனிக்கு வந்தீர்கள். "ஓம் மிஸ்" என்றீர்கள். "அல்ஹம்துலில்லாஹ்."

டொக்டரின் முகம் மாறியது. "நல்லது. தகப்பன்மார் இதைச் சொல்ல மாட்டார்கள்" என்றார் அவர். நான் உங்களைத் திரும்பிப் பார்க்கிறேன், அதற்குள் ஹஸ்னா அழுதுவிட்டாள். விம்மல் இல்லை, தேம்பல் இல்லை. முகம் அப்படியே இருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா வாப்பா?" என்று கேட்டாள்.

நீங்கள் கையை நீட்டி அவள் தலையில் வைத்தீர்கள். அந்தக் கை எடுக்கப்படும் வரைக்கும் அவள் பேசினாள். டொக்டருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொன்னாள். விடிவது பயமாக இருக்கிறது என்றாள். படுக்கும்போது, விடியாமலே போனால் நல்லம் என்று தோன்றுகிறது என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அந்த அறையின் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் போனது. பிள்ளையைப் பெற்ற வலியில் கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். பாலாவி தாண்டி உப்பளங்கள் வந்தன. நீங்கள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டீர்கள்.

"அந்த டொக்டர் என்ன கேட்டாங்க? சொகமா எண்டு தானே?"

"சோகமா எண்டு கேட்டாங்க."

"நான் சொகமா எண்டு நெனச்சிட்டேன்" என்றீர்கள். "நல்லா இரிக்கிறா, அனுப்பி வைங்க எண்டு சொல்லத்தான் ஓம் எண்டேன்."

உப்பளம் முடிந்து பற்றைக் காடு வந்தது. நீங்கள் மறுபடியும் என் பக்கம் குனிந்தீர்கள். "அவக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. எனக்குத் தெரியும் எண்டே அவ நெனச்சிக்கிட்டு இரிக்கட்டும்."

நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நர்ஸும் இருந்தார். டொக்டர் அப்போது சொன்னதை நீங்கள் பிற்காலத்தில் ஊரில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பீர்கள்: பிள்ளைக்கு மட்டும் குளிசை எழுதி அனுப்பினால் போதாது, வீடும் சேர்ந்து மருந்து குடிக்க வேண்டும். உங்களுக்குத் தந்த மருந்து கசப்பானது. "நீங்க மகளுக்குப் பதிலாப் பேசுறீங்க. அவ பேச வரக்குள்ள நீங்க முந்திப் போயிடுறீங்க" என்று நர்ஸ் நேருக்கு நேர் சொன்னார். வாயில் ஆறு ஓடுகிற மனிதருக்கு அதை எப்படி நிறுத்துவது? வீட்டுக்கு வந்து என் சரக்குப் பெட்டியைக் கிளறி, ஒரு பிடி கராம்பு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். மகளிடம் ஒன்றைக் கேட்டால் உடனே ஒரு கராம்பு வாய்க்குள் போகும். அது காரம் இறங்கிக் கரையும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே போட்ட சட்டம். முதல் வாரங்களில் உங்கள் நாக்கு மரத்துப் போய், சோற்றுக்கு உப்பு இருக்கா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிட்டீர்கள். அவளுடைய பதில்கள் அந்தக் கராம்பின் நேரத்துக்குள் வரவே இல்லை. இரண்டாவது கராம்பும் போட்டீர்கள்.

குளிசைப் பெட்டியை என் பொறுப்பில் வைக்கச் சொன்னார்கள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் அறைக் கதவின் கொக்கியை நீங்கள் கழற்றினீர்கள். ஏன் என்று அவள் கேட்டபோது, "பயமா இரிக்கி மகள், அதுதான்" என்றீர்கள். மழுப்பவில்லை, துருப்பிடித்துவிட்டது என்று பொய் சொல்லவில்லை. வாப்பாவுக்கும் பயம் வரும் என்று அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள் போல. கழற்றிய ஆணிகளை அவளே பொறுக்கித் தந்தாள்.

பிறகு லொறியை விட்டீர்கள். ஒரு நாளில் ஒரு நேரமாவது மூன்று பேரும் சேர்ந்து இருங்கள் என்று டொக்டர் சொன்னதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு, முதுகு வலி என்றீர்கள். ஸ்கூல் வேன் ஓடத் தொடங்கினீர்கள். அன்றைக்குப் பகல் அலுமாரிக்கு மேல் கிடந்த பெரிய பித்தளைச் சஹன் தட்டை இறக்கி என் முன்னால் வைத்தீர்கள். என் கலியாணத்துக்கு உம்மா வீட்டில் தந்தது. கந்தூரிக்கும் பெருநாளைக்கும்தான் நாம் அதை எடுப்போம். "இனி ராச் சோறு இதுலதான்" என்றீர்கள். தனித்தனிப் பீங்கான் என்றால் அவள் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள், சஹனை எடுத்துக்கொண்டு போக ஏலாது என்பது உங்கள் கணக்கு.

சஹனில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. எல்லாரும் அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வருவோம். உங்கள் பக்கம் வெறுமையாகும், என் பக்கம் பாதி போகும். அவள் பக்கத்துச் சோறு குவித்தபடியே நிற்கும். நீங்கள் மீனின் முள்ளை எடுத்துவிட்டு அவள் பக்கத்துக்குத் தள்ளுவீர்கள். அது அங்கேயே கிடக்கும். எனக்கு வாயில் வந்து நிற்கும், சாப்பிடு, இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று. நீங்கள் கண்ணால் தடுப்பீர்கள். சாப்பாட்டில் புத்திமதி சொல்லக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. நீங்கள் கை கழுவும்போது ஒன்று மட்டும் சொல்லுவீர்கள்: "ஒங்கட பக்கம் அப்படியே இரிக்கி மகள்." குற்றமாகச் சொல்லமாட்டீர்கள். கண்டேன் என்பதைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

எத்தனை நாள் அப்படிப் போனது என்று நான் எண்ணவில்லை. கச்சான் காற்று அடித்து ஓய்ந்தது என்பது தெரியும். ஒரு நாள் அவள் பக்கத்துச் சோற்றில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. நீங்களும் நானும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடத் துணியவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் போல இருந்தது. அன்றைக்கு உங்கள் வசனத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டு நீங்கள் சஹனை எடுத்துக்கொண்டு எழும்பினீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லையே. பரீட்சையை ஒரு வருடம் தள்ளி எழுதினாள். பாஸ் பண்ணினாள், சினேகிதி வீட்டுக்குப் போனாள், உங்களோடு வாயாடினாள். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இது விட்டுவிட்டு வரலாம், வந்தால் பயப்படாமல் வாருங்கள் என்றார் டொக்டர். பயப்படாமல் எப்படி வருவது என்று அவர் சொல்லித் தரவில்லை. நான் குளியலறை வாசலில் நின்று தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் அவள் பெயரைக் கூப்பிடுவேன், எதையாவது கேட்க வேண்டி இருக்கிற மாதிரி. "உப்பு எங்க வெச்சீங்க மகள்?" உப்பு அடுப்படியில் என் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். அவளுக்கும் அது தெரியும். "அங்கதான் உம்மா" என்று உள்ளே இருந்து பதில் சொல்லுவாள்.

அந்த இரண்டாவது சுற்றில்தான் நீங்கள் பல்லு வலிக் கதையை விட்டீர்கள். வேனில் பிள்ளையை ஏற்ற வந்த ஒரு தாய், மகளின் பல் எப்படி என்று கேட்டிருக்கிறார். "பல்லு இல்ல. மனசுக்குச் சொகமில்ல. நாங்க மூணு பேரும்தான் மருந்தெடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்து, அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தீர்கள். பத்து நாளைக்குள் அதே தாய் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார், தன் மகனைப் பற்றிக் கேட்க.

பிறகு நீங்கள் போனீர்கள்.

பகல், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வேனை நிழலில் நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தீர்களாம். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்களாம். இதயம் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது சட்டைப் பையில் கராம்பு இருந்தது. அழுகிற சனத்துக்கு நடுவில் நான் உங்கள் முகத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். என் கண் ஹஸ்னா எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தது. உங்களுக்காக அழுவதற்கு முன்னால் நான் அவளுக்காகப் பயந்தேன். இதை நீங்கள் தவறாக எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இத்தாவில் உட்கார வைத்தார்கள். வெள்ளை உடுத்து, ஆண்கள் கண்ணில் படாமல், வாசல் தாண்டாமல் அறைக்குள் இருக்கிற மாதங்கள். மற்ற நேரமாக இருந்தால் அந்த அறை எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் கிளினிக் நாள் வந்தது. குளிசை முடிந்துகொண்டு வந்தது. மருந்துக்குப் போகலாம், தேவை என்றால் மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று மௌலவியே சொல்லி அனுப்பினார். மாமி விடவில்லை. "இத்தாவுல இரிக்கிற பொம்புள பஸ் ஏறிப் போனா ஊர் என்ன கதைக்கும்? ஒரு மாசம் போகாட்டி என்னா?" ஒரு மாதம் போகாவிட்டால் என்ன என்பதை நான் அவருக்கு எந்தத் தமிழில் சொல்வது? மையித்து எடுத்த நாளிலிருந்து ஹஸ்னா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்கள் தம்பிதான் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ஃபோனைப் பறிக்கச் சொன்ன அதே தம்பி. "மச்சி, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். "சாச்சா எண்டா வாப்பா மாதிரிதானே." எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை, ஆனால் வேறு யாரும் இல்லை. அந்தப் பகல் முழுக்க நான் ஜன்னல் சீலையை விலக்கி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழும்பி உட்கார்ந்தேன். அவர்கள் வந்தார்கள். உங்கள் தம்பி கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "டொக்டர் என்கிட்ட மகளப் பத்திக் கேட்டாங்க மச்சி. எனக்கு ஒண்டும் தெரியா. தெரியா எண்டே சொல்லிட்டேன். அடுத்த மாசம் பாத்துட்டு வந்து சொல்றேன் எண்டேன்." அவர் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினார். பின்னேரங்களில் வந்து முற்றத்தில் உட்கார்ந்து அவளோடு கதைத்தார், அதிகம் கேட்டுக்கொண்டு.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறைக்குள் பீங்கானில் கொண்டுவந்து வைப்பார்கள், அப்படியே திரும்பிப் போகும். ஒரு பகல் ஹஸ்னா கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் சஹன். என் பாயில் வைத்து, எதிரே உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பக்கம் மெல்ல வெறுமையாகிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு விரலைச் சூப்பியபடி சொன்னாள்:

"ஒங்கட பக்கம் அப்படியே இரிக்கி உம்மா."

அந்த நிமிடத்தில்தான் இரண்டு பேரும் உங்களுக்காக அழுதோம்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. டொக்டரும் மாறிவிட்டார். குளிசையும் குறைந்து, இப்போது நின்றுவிட்டது. ஏ.எல். எழுதி, கெம்பஸ் கிடைத்து, நாளைக்குப் போகிறாள். இன்றைக்குப் பகல் நெய்ச்சோற்றைச் சஹனில் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உங்கள் பக்கம் சும்மா கிடந்தது. நான் சொல்லிவிட்டேன், அடக்க முடியவில்லை.

"ஹொஸ்டல்ல சஹன் இல்லியே மகள். ஃபோன்ல ஒங்கட பக்கம் எனக்குத் தெரியா. சொகமா எண்டு கேட்டா அல்ஹம்துலில்லாஹ் எண்டுதான் சொல்லுவீங்க. எனக்குப் பயமா இரிக்கி."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

"அப்ப சொகமா எண்டு கேக்காதீங்க. அண்டைக்கு டொக்டர் கேட்ட மாதிரிக் கேளுங்க. சோகமா எண்டு கேளுங்க."

நான் சஹனிலிருந்து கையை எடுத்தேன்.

"சோகத்துக்கு யாராச்சும் அப்படிச் சட்டெண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுவாங்களா உம்மா?" என்றாள். "வாப்பா ஓம் எண்டதும் எனக்கு அழுகை வந்திட்டு. அல்ஹம்துலில்லாஹ் காதுல விழுந்தப்பதான், பிழையா விளங்கிட்டார் எண்டு தெரிஞ்சிச்சு. அதாலதான் ஒங்களுக்குத் தெரியுமா எண்டு கேட்டேன். இல்ல மகள், நான் வேற நெனச்சேன் எண்டு சொல்லுவார் எண்டு பாத்தேன். சொல்லல்ல. தலையில கைய வெச்சார். பிறகு லொறிய விட்டார், கராம்பத் திண்டார். கடைசி வரைக்கும் அந்த ஓம் எண்டதத் திருத்தவே இல்ல."

நீங்கள் பஸ்ஸில் என் காதில் சொன்னது அவளுக்குக் கேட்டதா, தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். உங்கள் இரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடமெல்லாம், அவளும் தனக்கு அது தெரியும் என்பதை உங்களுக்குக் காட்டாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

நாளைக்குப் பின்னேரம் அவள் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் எடுப்பேன். சோகமா மகள் என்று கேட்பேன். அடுப்படியில் மிஞ்சிய கராம்பைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். கேட்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அவள் சொல்லும் வரைக்கும் வாய் திறக்காமல் இருப்பேன். ஓம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் கேட்டுக்கொள்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அவளுக்கும் அதைச் சொல்லியே அனுப்புகிறேன்.